உஷார்! மாடல் காருக்கு டூ-கே கிளியர் அடிக்கிறீர்களா?

வீட்டில் மாடல் கார் கட்டுகிறவர் யாராவது இருந்தால், அவருடைய மேஜையை இன்றே ஒருமுறை பாருங்கள். பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே 'ஹார்டனர்' என்று எழுதிய சின்ன டப்பா ஒன்று இருக்கிறதா? இருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை யாரும் அதைத் திறக்க வேண்டாம்.

தமியா, ஹசேகவா, ரெவெல் கம்பெனிகளின் 1/24 அளவு பிளாஸ்டிக் கிட்டை வாங்கி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, நிஜக் கார் மாதிரியே பளபளக்க வைப்பது அருமையான பொழுதுபோக்கு. பிள்ளைகளை செல்போனிலிருந்து பிரித்து உட்கார வைக்கும் சக்தி அதற்கு உண்டு. அதற்கென்றே தயாராகும் பெயிண்ட் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. விலையும் கூட, கேட்ட நிறம் கேட்ட நேரத்தில் கிடைப்பதும் இல்லை. அதனால் பலர் நேராகக் கார் பெயிண்ட் கடைக்குப் போகிறார்கள். கலர் கோடு சொன்னால் போதும். கம்ப்யூட்டரில் பார்த்து, மின் தராசில் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, அசல் நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவார்கள். வாசலில் நிற்கும் சொந்தக் காரின் அதே சிவப்பை உள்ளங்கை அளவு காரில் பார்ப்பது தனி சந்தோஷம்தான்.

இதுவரை பெரிய பயமில்லை. ஆபத்து அடுத்த கேள்வியில் வருகிறது. "மேலே கிளியர் அடிக்கணுமா சார்?" என்று கடைக்காரர் கேட்பார். ஆமாம் என்றால், நிறத்தின் மேல் பளபளப்புக்காக அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் ஒரு டப்பா, ஒரு சின்ன டப்பா ஹார்டனர், ஒரு பாட்டில் தின்னர் என்று பையில் போட்டுக் கொடுப்பார். டிங்கரிங் பட்டறைக்குப் போகும் அதே சரக்கு. அதை எந்த இடத்தில், எதை மாட்டிக்கொண்டு அடிக்க வேண்டும் என்று அவர் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. மறுநாள் மதியம் அது ஒரு படுக்கையறையில், ஏர்பிரஷ் வழியாக, புகையாக வெளியே வருகிறது.

பெயிண்டர்கள் 'டூ-கே' என்று சொல்லும் இந்த இரண்டு டப்பா கிளியரின் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். கார் பெயிண்டில் பெரும்பாலும் ஹெக்ஸாமெத்திலீன் டைஐசோசயனேட், சுருக்கமாக எச்.டி.ஐ. என்ற வகை. இது கிளியரில் உள்ள ரெசினோடு சேர்ந்தவுடன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாலியூரித்தேன் வலையாக இறுகுகின்றன. பெட்ரோல் சிந்தினாலும் கரையாத, வருஷக்கணக்கில் மங்காத அந்தக் கண்ணாடிப் பளபளப்பு இப்படித்தான் வருகிறது. எதைக் கண்டாலும் பிடித்துக்கொள்ளும் அதே குணம்தான் மூச்சுக்குழாயில் வினையாகிறது. அங்கே உள்ள புரதங்களோடு அது ஒட்டிக்கொள்கிறது. உடலின் எதிர்ப்பு சக்தி தன்னுடைய புரதத்தையே அந்நியமாகப் பார்க்கத் தொடங்குகிறது. ஆஸ்துமா அங்கே ஆரம்பிக்கிறது.

ஐசோசயனேட் என்ற பெயரை எங்கோ கேட்ட ஞாபகம் வரலாம். 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட். ஹார்டனரில் இருப்பது அது அல்ல. அதைப்போல எளிதில் ஆவியாகி ஊரையே சூழ்ந்துகொள்ளும் தன்மையும் இதற்குக் கிடையாது. மூடிய டப்பாவில் இருக்கும்வரை இது சாதுவாகவே இருக்கும். ஆனால் இரண்டிலும் உடலோடு வினைபுரியும் வேதிக்கூறு ஒன்றுதான். ஸ்ப்ரே செய்யும்போது, ஆவியாகாத பொருளைக்கூட நுண்துளிகளாக உடைத்து நாமே காற்றில் ஏற்றிவிடுகிறோம்.

இதில் என்னை மிகவும் கலங்க வைப்பது, வாசனை. பெயிண்ட் அடிக்கிறவர்கள் எல்லோருமே மூக்கை நம்புகிறார்கள். தின்னர் நெடி தலைக்கு ஏறினால் ஜன்னலைத் திறப்பார்கள். நெடி போய்விட்டால் ஆபத்தும் போய்விட்டது என்று நினைப்பார்கள். ஐசோசயனேட்டிடம் அந்தக் கணக்கு செல்லாது. கெடுதல் செய்யும் அளவில் அதற்கு மூக்குக்கு எட்டும் வாசனையே இல்லை. வாசனை தெரிகிறது என்றால் வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது என்று அர்த்தம். நெடி அடிப்பது தின்னர். நெடியே இல்லாமல் உள்ளே போவதுதான் நுரையீரலில் நிரந்தரமாகக் கை வைப்பது.

எவ்வளவு போனால் கெடுதல்? பிரிட்டனில் தொழிலாளர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு, 8 மணி நேர சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 0.02 மில்லிகிராம். 15 நிமிஷத்துக்கு என்றால் 0.07 மில்லிகிராம். நம் வீட்டுக் கணக்கில் பார்ப்போம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம்: சுமார் 28 கனமீட்டர் காற்று. அந்த அறை முழுவதிலும் 2 மில்லிகிராம் பரவினாலே அந்த 15 நிமிஷ வரம்பைத் தொட்டுவிடும். ஒரு மாடல் காரின் பாடிக்கு 3 மில்லி ஹார்டனர் கலக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் ஐசோசயனேட் கூறு சில நூறு மில்லிகிராம். ஏர்பிரஷிலிருந்து கிளம்புவதில் கணிசமான பங்கு காரில் உட்காராமல் காற்றில்தான் போகிறது. "சின்னக் கார்தானே, ஒரு மூடி அளவு பெயிண்ட்தானே" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை இந்த வகைப் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கு என்ன சொல்கிறது என்பதைக் கேளுங்கள். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் தனி பூத்தில்தான் அடிக்க வேண்டும். முகமூடிக்கு வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வர வேண்டும். அடித்து முடித்த பிறகும், பூத்தில் உள்ள காற்று முழுக்க மாறும்வரை முகமூடியின் கண்ணாடியை ஒரு நொடிகூடத் தூக்கக் கூடாது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத புகை அதற்குள் நின்றுகொண்டிருக்கும். ஐரோப்பிய யூனியனில் 2023 ஆகஸ்ட் 24-லிருந்து, டைஐசோசயனேட் 0.1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருளைத் தொழில்முறையில் கையாள்கிறவர் அதற்கான பயிற்சியை முடித்தே ஆக வேண்டும். முழுநேரத் தொழிலாளிக்கே இத்தனை கட்டுப்பாடு. அதே பொருளை நம்மூரில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பையன் பால்கனியில் உட்கார்ந்து அடித்தால் கேட்க ஆளில்லை.

இந்த நோய் வரும் விதமும் ஆளை ஏமாற்றும். முதல் தடவை ஒன்றும் ஆகாது. பத்தாவது தடவையும் ஆகாமல் போகலாம். எதிர்ப்பு சக்தி உள்ளுக்குள் அதைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். ஒருநாள் அடித்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தால், நடு ராத்திரியில் வறட்டு இருமல், நெஞ்சில் இறுக்கம், மூச்சு விட்டால் விசில் சத்தம். மதியம் அடித்த பெயிண்டுக்கும் ராத்திரி இருமலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? பனி, தூசி, ஏ.சி. என்று எதையாவது காரணம் சொல்லிக் கஷாயம் குடித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஏர்பிரஷை எடுப்பார்கள். உடலுக்கு ஒருமுறை இப்படி ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு மிக மிகக் கொஞ்சம் பட்டாலே இழுப்பு வந்துவிடும். பெயிண்டை அடியோடு நிறுத்திய பிறகும் ஆஸ்துமா போகாமல் தங்கிவிட்டவர்கள் உண்டு. தோலில் பட்டாலும் இந்த ஒவ்வாமை தொடங்க வாய்ப்பிருக்கிறது என்பதால் வெறும் கையால் கலக்குவதும், சரியாகக் காயாத கிளியரை விரலால் தொட்டுப் பார்ப்பதும்கூடத் தப்பு.

"எங்க ஏரியா பெயிண்டர் அண்ணன் இருபது வருஷமா மூக்குல கர்ச்சீப் கட்டிக்கிட்டு அடிக்கிறார், அவருக்கு என்ன ஆச்சு?" இதைச் சொல்லாத ஆளே இல்லை. அவருக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் சந்தோஷம். ஆனால் அவரோடு தொழில் கற்றுக்கொண்டு, மூச்சு முட்டி, வேலையை விட்டுவிட்டு ஆட்டோ ஓட்டப் போனவர் பட்டறையில் நிற்க மாட்டார். நோய் வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, தாங்கியவரை மட்டும் பார்த்துவிட்டு நாம் முடிவுக்கு வருகிறோம். அந்த அண்ணனுக்கும் நல்ல முகமூடி கிடைக்க வேண்டும் என்றுதான் நாம் கேட்க வேண்டுமே தவிர, அவர் கர்ச்சீப்பை நமக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முகமூடி என்றவுடன் கொரோனா காலத்து என்-95 ஞாபகம் வரும். அது தூசிக்கு. தின்னர் ஆவி அதன் வழியாகத் தாராளமாக உள்ளே போகும். ஆவியைப் பிடிக்க, இரண்டு பக்கமும் கார்பன் கார்ட்ரிட்ஜ் வைத்த ரப்பர் முகமூடி வேண்டும். அதன் முன்னால் துளிகளைத் தடுக்கும் ஃபில்டரும் இருக்க வேண்டும். தாடி இருந்தால் விளிம்பு முகத்தில் ஒட்டாது, இடுக்கு வழியாக எல்லாம் போகும். கார்ட்ரிட்ஜைத் திறந்தபடி ஆணியில் மாட்டி வைத்தால், நாம் அடிக்காத நாளிலும் அறைக் காற்றை இழுத்து இழுத்து அதன் ஆயுள் முடிந்துவிடும். காற்றுப் புகாத கவரில் போட்டு வைக்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் டூ-கே-வுக்கு இது போதாது என்பதே என் உறுதியான எண்ணம். கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டதை, தின்னர் என்றால் நெடி வந்து சொல்லும். ஐசோசயனேட் உள்ளே வந்தால் எது சொல்லும்? முகமூடி போட்டவர் தப்பித்தாலும், பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை என்ன போட்டுக்கொண்டிருக்கிறது? ஏ.சி. ஓடினால் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பும். ஃபிளாட்டில் நம் பால்கனிக் காற்று மேல்வீட்டு ஜன்னலுக்குப் போகும்.

நெருப்பு விஷயத்துக்கு வருகிறேன். இது எல்லா ஸ்ப்ரே பெயிண்டுக்கும் பொருந்தும், ஹார்டனர் இல்லாத வகைக்கும்தான். கடையில் 'என்.சி.' என்று விற்கும் லேக்கர் தின்னரில் டொலுவீன், அசிட்டோன் போன்றவை இருக்கும். டொலுவீன் சுமார் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அசிட்டோன் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலேயே. சென்னை மதியம் 38 டிகிரியில் திறந்து வைத்த தின்னர் கிண்ணத்திலிருந்து என்ன கிளம்பும் என்று யோசியுங்கள். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைவதில்லை. தரையோடு தரையாக நகர்ந்து, கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்குப் போகிறது. அங்கே சாமி விளக்கு எரியலாம், கட்டிலுக்கு அடியில் கொசுவத்தி இருக்கலாம், அடுப்பு எரியலாம். ஃபிரிட்ஜ் தானாக ஆன் ஆகும்போது வரும் பொறியே போதும். நெடி போகட்டும் என்று பாத்ரூமில் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு அதன் கீழே அடிக்கிறவர்கள், அந்த ஆவி முழுவதையும் மோட்டாரின் உள்ளே செலுத்துகிறார்கள். பாத்ரூமில் கேஸ் கீஸர் வேறு இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். டப்பா ஸ்ப்ரே சரியாக வரவில்லை என்று அதைக் கொதிநீரில் போட்டு வைப்பது இன்னொரு விபரீதம். உள்ளே இருப்பது பெரும்பாலும் சமையல் கேஸ் வகையைச் சேர்ந்த வாயு. 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும்.

பாட்டில் விஷயத்தையும் சொல்லியே ஆக வேண்டும். கடையில் தின்னரைப் பெரும்பாலும் குளிர்பான பாட்டிலில் ஊற்றித் தருகிறார்கள். லேபிள் கிடையாது, இருந்தால் குளிர்பானத்தின் லேபிள்தான். பார்க்கத் தண்ணீர் மாதிரியே தெளிவாக இருக்கும். வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளை கையில் அது கிடைத்தால் என்ன ஆகும்? யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசல் கொடுப்பது, விரலை விடுவது எல்லாம் வேண்டாம். வாந்தியோடு திரும்பி வரும் தின்னர் நுரையீரலுக்குள் இறங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். உடனே 108-ஐக் கூப்பிட்டு, அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஹார்டனர் டப்பாவுக்கு இன்னொரு குணம் உண்டு. ஈரத்தோடு சேர்ந்தால் அது கார்பன் டைஆக்சைடு வாயுவை விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி டப்பாவைத் திறந்து மூடி வைத்திருந்தால், உள்ளே போன ஈரக்காற்று மெல்ல வேலை செய்துகொண்டிருக்கும். மூடி உப்பியிருந்தாலோ, உள்ளே கெட்டி தட்டியிருந்தாலோ அந்த டப்பாவோடு மல்லுக்கட்ட வேண்டாம். இறுக மூடிய டப்பா வெடித்தே போகலாம். மிச்சத்தை சிங்க்கில் ஊற்றுவதும் ஆபத்து, சாக்கடைக்குப் போகும் தின்னர் ஆவி குழாய்க்குள் தங்கும்.

காருக்கும் இதில் சேதம் உண்டு என்பதால் அதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கிட்டுகள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. கார் பாடியோ இரும்பு. இரும்புக்கென்று செய்த தின்னர் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். அடித்தவுடன் தெரியாது. கால் மணி நேரம் கழித்து பானெட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: முனைகளிலும் வளைவுகளிலும், கோடையில் காய்ந்த ஏரி மண் போல மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். விண்ட்ஷீல்டு, ஹெட்லைட் மாதிரி கண்ணாடிப் பாகங்களில் இது இன்னும் சீக்கிரம் வரும். பழைய எனாமல் பெயிண்டின் மேல் அடித்தால் அடியில் இருப்பது சுருண்டுகொண்டு எழும். மழைநாளில் லேக்கர் அடித்தால் காற்றிலுள்ள ஈரம் பூச்சில் சிக்கி வெண்மூட்டமாகப் படியும். மெட்டாலிக் நிறத்தில் வேறு சிக்கல். நிஜக் கார் பெயிண்டில் உள்ள அலுமினியத் துகள் 25 மைக்ரான் என்று வைத்தால், 1/24 காரில் அது 0.6 மில்லிமீட்டர் துகளாகக் கண்ணுக்குப் படும். நிஜக் காரில் 120 மைக்ரான் கனமுள்ள பெயிண்ட், இங்கே கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் பூச்சு. கதவுக் கோடுகளே தூர்ந்துபோகும்.

மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் ஈயத்தையும் யோசிக்க வேண்டும். வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாகன, தொழிற்சாலைப் பெயிண்டுகள் அந்த விதிக்குள் வரவில்லை. ஆகவே கார் பெயிண்டை உலர் எமரி ஷீட் போட்டுத் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பழைய டிங்கி, மேட்ச்பாக்ஸ் உலோகக் கார்களைப் புதுப்பிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் பெயிண்ட் உரிக்க வாங்கும் ரிமூவரில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது உடலுக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் மூடிய குளியலறையில் தொட்டியின் பெயிண்டை அதை வைத்து உரிக்கப்போன தொழிலாளர்கள் அங்கேயே இறந்திருக்கிறார்கள். பொதுமக்களுக்கு அந்த வகை ரிமூவரை விற்பதை 2019-ல் அங்கே தடை செய்துவிட்டார்கள்.

அப்படியானால் கார் பெயிண்டே வேண்டாமா என்று கேட்டால், நிறத்துக்கு வேண்டும் என்பேன். ஹார்டனர் தேவைப்படாத பேஸ் கோட்டை வாங்குங்கள். முதலில் மிஸ்டர் சர்ஃபேஸர் மாதிரி மாடலுக்கென்று வரும் பிரைமரை அடித்து நன்றாகக் காய விடுங்கள்; அது பிளாஸ்டிக்குக்கும் தின்னருக்கும் நடுவே தடுப்பாக நிற்கும். பேஸ் கோட்டை ஒரே தடவையில் ஈரமாக ஊற்றாமல், மெல்லிய தூவலாகப் பல தடவை கொடுங்கள். முதலில் பாகங்கள் ஒட்டி வரும் ஸ்ப்ரூ சட்டத்தில் அடித்துப் பார்த்துவிட்டுக் காரில் கை வையுங்கள். மொட்டை மாடியில், வீட்டுக்குள் காற்று திரும்பாத திசையில், கார்பன் கார்ட்ரிட்ஜ் முகமூடியும் நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் போட்டு அடியுங்கள். கிளியருக்கு தமியாவின் டி.எஸ்.-13, மிஸ்டர் கலரின் சூப்பர் கிளியர் 3 மாதிரி ஹார்டனர் இல்லாதவை இருக்கின்றன. இவையும் லேக்கர்தான், இவற்றுக்கும் முகமூடியும் திறந்த வெளியும் வேண்டும். கனமாக அடித்தால் ஸ்டிக்கரைச் சுருக்கிவிடும் என்பதால் இங்கும் மெல்லிய பூச்சுதான். நன்றாகக் காய்ந்த பிறகு 2000 எமரியில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, காம்பவுண்டு போட்டுப் பாலிஷ் செய்தால் வருகிற பளபளப்பு, ஷெல்ஃபில் நிற்கும் காருக்குத் தாராளமாகப் போதும்.

டூ-கே பளபளப்புதான் வேண்டும் என்று மனது அடம்பிடித்தால், பூத் உள்ள நல்ல பட்டறை ஒன்றைப் பார்த்து, அடுத்த பெரிய காருக்கு கிளியர் அடிக்கும்போது உங்கள் பாடியையும் ஒரு கம்பியில் மாட்டி அடித்துத் தரச் சொல்லுங்கள். சின்ன வேலைதான், கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். குழாய்க் காற்று முகமூடி இல்லாத பட்டறையாக இருந்தால் கொடுக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் உள்ள வீட்டில் ஹார்டனர் டப்பாவே இருக்கக் கூடாது.

ஏற்கெனவே சில தடவை அடித்துவிட்டீர்கள், அதன் பிறகு ராத்திரி இருமலோ நெஞ்சு இறுக்கமோ வருகிறது என்றால், மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் குடித்துச் சமாளிக்க வேண்டாம். நுரையீரல் டாக்டரைப் பாருங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் ஆபீஸ் வேலையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பொழுதுபோக்காக கார் பெயிண்ட் அடிக்கிறேன், ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது என்று அந்தப் பெயரையே சொல்லுங்கள். டப்பாவின் லேபிளை செல்போனில் படம் எடுத்து, அடித்த தேதிகளையும் இருமல் வந்த தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.